கத்தி யார் கைக்கு வருகிறது? மருத்துவ நிபுணர் பயிற்சியில் பன்மையும் அரவணைப்பும்

போன மாதம் பட்டர்வொர்த்தில் அண்ணன் வீட்டில் விசேஷம். சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் எல்லாம் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் மகள் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் எம்.ஓ.வாக, அதாவது மருத்துவ அதிகாரியாக இருக்கிறாள். அறுவைச் சிகிச்சையில் மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பிக்கப் போகிறாள். அவள் ஆஸ்பத்திரியில் 'டைவர்சிட்டி, இன்க்ளூஷன்', அதாவது பன்மை, அரவணைப்பு பற்றி ஒரு பட்டறை நடந்ததாகச் சொன்னாள். உடனே ஒரு மாமா, "அதெல்லாம் கோட்டாவுக்கு வைத்த புதுப் பெயர்" என்றார். இன்னொருவர், "இனிமேல் திறமைக்கு மதிப்பில்லை, ஆளைப் பார்த்துத்தான் சீட்டு" என்றார். மூன்றாமவர், "நம்ம பிள்ளைகளுக்கு எதுவும் வராது, விடுங்க" என்று பேச்சை முடித்துவிட்டார். அவள் ஒன்றும் சொல்லாமல் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று பேர் சொன்னதும் தவறு. ஆனால் அங்கேயே மறுத்துப் பேச எனக்கு வார்த்தை கூடிவரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. 28 வருஷம் ஆப்பரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். கத்தியை எடுத்துக் கொடுக்கிற கை என்னுடையது. அதை யார் கையில் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று தினமும் பார்த்துக்கொண்டு நின்றவள். இந்த விஷயத்தின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஸ்பெஷலிஸ்ட் எப்படி உருவாகிறார்?

மலேசியாவில் நம் வீடுகளில் 'டாக்டருக்குப் படித்துவிட்டான்' என்றால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. மருத்துவப் பட்டம் பெரும்பாலும் 5 வருஷம். அப்புறம் ஹவுஸ்மேன் பயிற்சி, அதாவது பட்டம் வாங்கிய புது டாக்டர் ஆஸ்பத்திரியில் செய்யும் கட்டாயப் பயிற்சி. 2008இல் அதை ஒரு வருஷத்திலிருந்து 2 வருஷமாக்கினார்கள். பொது மருத்துவம், குழந்தைகள், அறுவை, எலும்பு, பிரசவம் என்று பிரிவுக்கு நான்கு மாதமாகச் சுற்றி வரவேண்டும். அதை முடித்தால் எம்.ஓ. 2016 டிசம்பர் முதல் புதியவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கும் முறை வந்தது. 2021 ஜூலையில் அந்த முறையை எதிர்த்து ஒப்பந்த மருத்துவர்கள் வார்டுகளை விட்டு வெளியே வந்து நின்றது பலருக்கும் நினைவிருக்கும்.

அதற்குப் பிறகுதான் நிபுணர் பயிற்சி, அதாவது ஒரே துறையில் ஆழமாக இறங்கி ஸ்பெஷலிஸ்ட் ஆவது. அதற்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று மாஸ்டர்ஸ்: மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம், யூஎஸ்எம் போன்ற இடங்களில் பெரும்பாலும் 4 வருஷம், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே. இன்னொன்று பேரலல் பாத்வே என்கிற இணைவழி: இங்கே வேலை செய்துகொண்டே பிரிட்டனின் ராயல் காலேஜ்கள் போன்ற வெளிநாட்டு அமைப்புகளின் தேர்வுகளை எழுதித் தேறுவது. எம்.ஆர்.சி.பி. என்று நாம் கேள்விப்படுவது இந்த வகை. இணைவழியில் படித்த இதய அறுவை நிபுணர்களின் தகுதியைப் பதிவு செய்வதில் சிக்கல் வந்து, 2024இல் நாடாளுமன்றம் மருத்துவச் சட்டத்தையே திருத்தியது. எந்த வழியில் வந்தாலும் நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏறியாக வேண்டும். 2017 ஜூலை முதல் அது சட்டப்படி கட்டாயம்.

ஆக, ஒருவர் ஸ்பெஷலிஸ்ட் ஆவதற்குள் பல வாசல்களைத் தாண்டுகிறார்: வேலை நிரந்தரம், துறையில் இடம், நேர்காணல், பயிற்சிக் காலம், தேர்வு, பதிவு. யாருக்கு எந்த வாசலில் கால் தட்டுகிறது என்பதுதான் நம் கேள்வி.

தண்ணீர்மலைப் படிகள்

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. வாசலில் யாரையும் நிறுத்துவதில்லை. தைப்பூசத்தன்று தமிழர், சீனர், வெள்ளைக்காரர் என்று எல்லோரும் ஏறுகிறார்கள். கீழே நின்று பார்த்தால் கூட்டம் பலவிதம். இதுதான் பன்மை: ஓர் இடத்துக்குள் வருகிறவர்கள் பல இனம், பல மொழி, ஆண், பெண், வசதி உள்ளவர், இல்லாதவர், உடல்குறை உள்ளவர் என்று கலந்திருப்பது.

ஆனால் மூட்டுவலிக்காரப் பாட்டி அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. படிதான் தடுத்தது. கைப்பிடி, நடுவில் உட்கார இடம், நிழல், குடிக்கத் தண்ணீர் எல்லாம் இருந்தால் இன்னும் பல பாட்டிகள் மேலே போய்ச் சேருவார்கள். மலை ஒரு அடிகூடக் குறையாது. உள்ளே வந்தவர் மேலே போய்ச் சேரும்படி இடத்தைச் சரிசெய்வதுதான் இன்க்ளூஷன். சிலர் இதை 'உள்ளடக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது புத்தகத்தின் பொருளடக்கம் போலக் கேட்கிறது. நான் அரவணைப்பு என்றே எழுதுகிறேன்.

பன்மையை வாசலில் நின்று எண்ணிவிடலாம். அரவணைப்பை எண்ண வேண்டுமானால் மலைமேல் போய் நின்று, யார் வந்து சேர்ந்தார்கள் என்று பார்க்கவேண்டும். அறிக்கைகளில் முதல் எண்ணிக்கைதான் அதிகம் வருகிறது.

தியேட்டருக்குள் நடப்பது

அறுவை என்பது புத்தகத்தில் வருகிற வித்தை இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும், அப்புறம் தசையை இழுத்துப் பிடித்து உதவவேண்டும், அப்புறம் பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கத் தானே செய்யவேண்டும். இதையெல்லாம் பயிற்சியாளர் ஒரு லாக்புக்கில் குறித்து வைப்பார். எந்த ஆப்பரேஷன், என்றைக்கு, பார்த்தாரா, உதவினாரா, செய்தாரா என்ற கணக்கு அது.

இரண்டு பயிற்சியாளர்கள். ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், இருவரும் கெட்டிக்காரர்கள். ஒருவர் எங்கள் பெரிய டாக்டரின் ஊர்க்காரர். அவர் வீட்டில் பேசும் மொழியையே பேசுவார், சனிக்கிழமை அவரோடு பேட்மிண்டன் ஆடுவார். இன்னொருவர் அமைதியான ஆள், கேட்டால் மட்டும் பதில் சொல்வார். ஒரு அப்பெண்டிக்ஸ் ஆப்பரேஷன் முடிகிற நேரம். "நீ தையல் போடு" என்று பெரியவர் முதல் ஆளைப் பார்த்துச் சொல்கிறார். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கண்ணெதிரே இருக்கிற, பேசிப் பழகின முகத்தைப் பார்த்து வாய் தானாகச் சொல்கிறது. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அன்றைய ஆப்பரேஷன் லிஸ்ட் நீண்டுவிட்டது. மணி நாலரை, இன்னும் இரண்டு நோயாளிகள் காத்திருக்கிறார்கள். இப்போது யாரிடம் கொடுப்பார்? கை பழகினவரிடம்தானே, சீக்கிரம் முடிக்கவேண்டுமே. கொடுத்ததால் கை பழகியது, கை பழகியதால் மறுபடி கொடுத்தார்கள். பணம் பணத்தோடு சேரும் என்பார்கள். ஆப்பரேஷனும் அப்படித்தான் சேரும். ஆறு மாதம் கழித்து அந்த அமைதியான டாக்டரைப் பற்றி, "ஆள் நல்லவர்தான், கை கொஞ்சம் மெதுவு" என்று பெரியவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். அந்தக் கை ஏன் மெதுவாயிற்று என்று எனக்குத் தெரியும். ஒரு நர்ஸாக அன்றைக்கு வாய் திறக்கவில்லை என்பது இன்றைக்கும் வலிக்கிறது.

இதற்கு எழுதப்படாத பாடம் என்று பெயர்: பாடத்திட்டத்தில் எங்கும் இல்லாமல், யாரோடு சாப்பிடுகிறோம், எப்படிப் பேசுகிறோம், எதற்குச் சிரிக்கிறோம் என்பதன் வழியாகவே வந்து சேருகிற பயிற்சி. இது எல்லாத் திசையிலும் நடக்கும் என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். மலாய் மட்டும் பேசுகிற கூட்டத்தில் ஒரு தமிழ்ப் பையன் தனியாக நிற்பான். ஆங்கிலமும் கான்டனீஸும் கலந்து ஓடுகிற கூட்டத்தில் கிளந்தானிலிருந்து வந்த பெண் தனியாக நிற்பாள். சபாவிலிருந்து வருகிறவருக்கு இந்தத் தீபகற்பமே புதிது. தமிழ்ப் பெரிய டாக்டர்கள் தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன். நமக்குச் சாதகமாக நடந்தால் அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

சின்னக் கணக்கு ஒன்று. நூறு பேர், எல்லோரும் திறமையானவர்கள். ஐந்து வாசல். ஒவ்வொரு வாசலிலும், திறமைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் பத்தில் ஒருவர் நின்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு தொண்ணூறாகும், அப்புறம் 81, 73, 66, கடைசியில் 59. எந்த வாசலிலும் பெரிய அநியாயம் நடந்ததாகத் தெரியாது. ஆனால் நாற்பது பேரைக் காணோம்.

கையுறையும் ஸ்டூலும்

தியேட்டரில் ஒவ்வொருவர் கையுறை அளவும் எனக்கு மனப்பாடம். பெரியவருக்கு ஏழரை. பெண் பயிற்சியாளர்கள் பலருக்கு ஆறு. அலமாரியில் ஏழரை அடுக்கடுக்காக இருக்கும், ஆறு சில நாள் தீர்ந்துபோயிருக்கும். அப்போது ஆறரையை மாட்டிக்கொண்டு விரல் நுனி தொளதொளவென்று தொங்க நிற்பார்கள். அந்தக் கையோடு மெல்லிய நூலில் முடிச்சுப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். குடலை வெட்டி இணைக்கிற ஸ்டேப்ளரின் பிடியும் பெரிய கைக்கே பொருந்தும். சின்னக் கைக்காரர்கள் இரண்டு கையாலும் அழுத்துவார்கள். உடனே ஒரு குரல், "பலம் போதவில்லையே" என்று.

அப்புறம் மேசை. அதன் உயரத்தைப் பெரியவரின் உயரத்துக்கு வைப்போம். குள்ளமான பயிற்சியாளர் எக்கி எக்கி நிற்பார். எங்கள் தியேட்டரில் இரும்பு ஸ்டூல் ஒன்று இருந்தது. அரை அடி உயரம், மேலே ரப்பர். புதிதாக வந்த ஒரு பெண் டாக்டர் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, மூன்று மணி நேரம் எக்கியே நின்றதைப் பார்த்த பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். லிஸ்ட் தொடங்கும் முன்பே ஸ்டூலை அவர் நிற்கும் பக்கம் காலால் தள்ளி வைத்துவிடுவேன். அவர் கேட்கவேண்டியதில்லை. யாரும் கவனிக்கவேண்டியதில்லை. ஆப்பரேஷனின் தரம் அதனால் குறையவில்லை. கை நடுங்காமல் இருந்தது. அரவணைப்பு என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்த ஸ்டூலைத்தான் காட்டுவேன்.

இதில் நாம் பெருமைப்படவும் ஒன்று இருக்கிறது. 2019இல் இங்கிலாந்தின் ராயல் டெர்பி ஆஸ்பத்திரி, ஒருமுறை அணிந்துவிட்டு எறியும் சுத்தமான ஹிஜாப்பைத் தியேட்டரில் கொண்டுவந்தது. தலைத்துணியால் தொற்று வரும் என்று சொல்லி, முஸ்லிம் பெண் மருத்துவர்கள் தியேட்டருக்குள் நிற்பதே சிக்கலாகியிருந்தது. வழி சொன்னவர் மலேசியாவில் பிறந்த ஒரு இளம் மருத்துவர். நம் ஊர் வழக்கத்திலிருந்து எடுத்த யோசனை அது. சுத்தத்தில் ஒரு துளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. துணியைத்தான் மாற்றினார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஆட்கள் கலந்து வருவது பன்மை. வந்தவர்களுக்கு ஒரேமாதிரி கற்கும் வாய்ப்புக் கிடைப்பது அரவணைப்பு. பெரும்பாலும் பகையால் இது கெடுவதில்லை. பழக்கமும் வசதியும் அவசரமும் சேர்ந்து, சின்னச் சின்னதாகக் கெடுக்கின்றன.

பெயரைப் பார்த்தாலே

தெரிந்தே ஒதுக்குவதும் உண்டு, தெரியாமல் ஒதுக்குவதும் உண்டு. ஒருவரின் பெயர், நிறம், பேச்சு ஆகியவற்றை வைத்து, நாம் அறியாமலே மனம் ஒரு பக்கம் சாய்வதை அறியாச் சாய்வு என்று சொல்லலாம். 1993இல் பிரிட்டனில் இரண்டு மருத்துவர்கள், அனீஸ் இஸ்மாயில், சாம் எவரிங்டன், ஒரு சோதனை செய்தார்கள். மருத்துவப் பணிகளுக்கு ஒரே தகுதியுள்ள கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். சிலவற்றில் ஆங்கிலப் பெயர், சிலவற்றில் ஆசியப் பெயர். நேர்காணலுக்குத் தேர்வானதில் ஆங்கிலப் பெயர்கள் இரண்டு மடங்கு. போலி விண்ணப்பம் அனுப்பியதற்காக அவர்கள் இருவரையும் போலீஸ் கைதுசெய்தது.

அதைவிடத் தெளிவான உதாரணம் லண்டனின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. விண்ணப்பங்களைச் சலிக்க ஒரு கணினி நிரல் எழுதினார்கள். மனிதத் தேர்வாளர்கள் முன்பு எப்படித் தேர்ந்தெடுத்தார்களோ அப்படியே அதுவும் செய்யவேண்டும் என்பது நோக்கம். நன்றாகவே செய்தது. பெண்களுக்கும் ஐரோப்பியர் அல்லாத பெயருள்ளவர்களுக்கும் மதிப்பெண்ணைக் குறைத்தது. வருஷத்துக்கு 60 பேர் வரை நேர்காணலை இழந்திருக்கலாம் என்று 1988இல் இன சமத்துவ ஆணையம் கண்டது. இயந்திரத்துக்குப் பகை ஏது? பழைய தேர்வுகளில் இருந்ததைத்தான் அது கற்றுக்கொண்டது. இப்போது விண்ணப்பங்களைச் சலிக்க ஏஐ வரப்போகிறது என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

தேர்ச்சி இடைவெளி

தெரிந்துகொள்ளவேண்டிய இன்னொரு சொல் தேர்ச்சி இடைவெளி: திறமையில் ஒத்திருக்கவேண்டிய இரண்டு கூட்டங்களுக்கு நடுவே தேர்வு முடிவில் தொடர்ந்து தெரிகிற வித்தியாசம். நம் பிள்ளைகள் பலர் பிரிட்டிஷ் தேர்வுகளை எழுதுவதால் அங்கே நடந்தது நமக்கும் பொருந்தும்.

குடும்ப மருத்துவர்களுக்கான அப்போதைய பிரிட்டிஷ் தேர்வில் நடிகர்கள் நோயாளிகளாக வந்தார்கள், தேர்வாளர் பார்த்து மதிப்பெண் போட்டார். பிரிட்டனிலேயே படித்த சிறுபான்மை இனத்தவர் முதல் முயற்சியில் தோற்பதற்கான வாய்ப்பு விகிதம், வெள்ளையரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று 2013இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. கணினி திருத்தும் அறிவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த அளவு இடைவெளி. இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கமான பாப்பியோ நீதிமன்றம் போனது. 2014இல் நீதிபதி, தேர்வு சட்டப்படி சரிதான் என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். கூடவே, சங்கத்துக்கு ஒரு தார்மீக வெற்றி கிடைத்திருக்கிறது என்றும் சொன்னார்.

இந்தத் தீர்ப்பை இரண்டு பக்கமும் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். 'பார், பாகுபாடு இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது' என்கிறார் ஒருவர். 'மூன்றரை மடங்கு என்றால் தேர்வாளர் எல்லாம் இனவெறியர்' என்கிறார் இன்னொருவர். இடைவெளி என்பது காய்ச்சல் மாதிரி. உடம்பில் ஏதோ சரியில்லை என்று அது சொல்லும், எது என்று சொல்லாது. தேர்வாளரின் சாய்வாக இருக்கலாம். பயிற்சியில் குறைவாகக் கிடைத்த வாய்ப்பாக இருக்கலாம். யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்லாமல் விட்டதாகவும் இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணம் மிக முக்கியம். வேற்று இனத்தவரைக் கண்டித்தால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பயந்து, "எல்லாம் ஓகே" என்று அனுப்பிவிடுகிறார்கள். பாவம், அவர் போய்த் தேர்வில்தான் முதல்முறையாகத் தன் குறையைத் தெரிந்துகொள்கிறார். பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் 2021இல், மருத்துவக் கல்வியிலும் பயிற்சியிலும் இப்படிப்பட்ட பாதிப்பை 2031க்குள் ஒழிப்பது என்று இலக்கு வைத்தது.

கோட்டா வேறு, இது வேறு

இனி மாமா சொன்னதற்கு வருகிறேன். நம் நாட்டில் இந்தப் பேச்சு உடனே அரசியலாகிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. அரசியலமைப்பின் 153ஆவது விதி, மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலையையும், மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்கும் பொறுப்பை மாமன்னருக்குக் கொடுக்கிறது. அரசு வேலை, உபகாரச் சம்பளம், கல்வி ஆகியவற்றில் ஒரு பங்கை ஒதுக்க அது இடம் தருகிறது. 2024இல் யூஐடிஎம் பல்கலைக்கழகத்தின் இதய அறுவைப் பயிற்சியைப் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதவர்களுக்கும் திறக்கலாமா என்று கேள்வி வந்தபோது நாடே சூடானது. மாணவர்கள் கறுப்புச் சட்டை அணிந்து எதிர்த்தார்கள்.

ஒதுக்கீடு சரியா, எவ்வளவு காலத்துக்கு என்பது பெரிய கேள்வி. எனக்கும் கருத்து உண்டு. ஆனால் அது முதல் வாசலைப் பற்றியது: யார் உள்ளே வரலாம் என்பது. அரவணைப்பு அதற்குப் பிறகு வருகிற நான்கு வருஷத்தைப் பற்றியது. ஒதுக்கீட்டில் வந்தவரும் கையுறை தொளதொளத்தால் தடுமாறுவார், ஒதுக்கீடு இல்லாமல் வந்தவரும் தடுமாறுவார். இரண்டையும் குழப்பிக்கொண்டால், முதல் வாசலில் சண்டை தீரும்வரை உள்ளே இருக்கிற பிள்ளைகளை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

பணமும் ஒரு வாசல்தான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இணைவழித் தேர்வுகளுக்குக் கட்டணம் பவுண்டில். ஒருமுறை தோற்றால் மறுபடி கட்டவேண்டும். தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, தம்பி தங்கையின் படிப்புக்கும் அனுப்பிக்கொண்டு, இரண்டாம் முயற்சிக்கு எங்கே போவான்?

நோயாளிக்கு இதனால் என்ன?

பயிற்சி பெறுகிறவர்களின் நலம் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். தியேட்டருக்கு வரும் முன் கொஞ்ச காலம் வார்டில் இருந்தேன். ஒரு நாள் வயதான தமிழ் அம்மா ஒருவர், "அடிவயிறு இழுத்துப் பிடிக்குதும்மா, வெள்ளையும் படுது" என்று முனகினார். ஹவுஸ்மேனுக்குத் தமிழ் தெரியாது. அங்கே நின்ற ஒரு தமிழ் ஆண் உதவியாளரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். அவர் கூச்சப்பட்டு, "வயிற்றுவலியாம்" என்று முடித்துவிட்டார். நான் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஓடிவந்து முழுதையும் சொன்ன பிறகுதான் பெண்கள் நோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். 'நெஞ்சு கரிக்குது' என்பதும் 'நெஞ்சை அடைக்குது' என்பதும் நமக்கு இரண்டு வேறு நோய். மொழிபெயர்ப்பில் இரண்டும் நெஞ்சுவலியாகிவிடும்.

நிறமும் அப்படித்தான். சிவந்த தடிப்பு என்று பாடப்புத்தகம் சொல்வது நம் தோலில் சிவப்பாகவே தெரியாது. கருமையாக, சில நேரம் ஊதாவாகத் தெரியும். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் ஆக்சிமீட்டர் ஒளியைத் தோல் வழியே செலுத்தி அளக்கிறது. கறுப்பினத்தவர்களிடம் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி நல்ல எண் காட்டித் தவறவிட்டது வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கோவிட் நேரத்தில் நாம் எல்லோரும் அந்தக் கருவியை நம்பித்தான் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பலவிதமானவர்கள் நிபுணர்களாக இருக்கும் அறையில், 'என் அப்பாவின் தோலில் இது எப்படித் தெரியும்?' என்று கேட்க ஒருவராவது இருப்பார்.

தரம் குறைந்துவிடாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. என்னை வெட்டுகிறவருக்குக் கை சரியாக இருக்கவேண்டும் என்றுதான் நானும் விரும்புவேன். ஆனால் செய்யப்படுகிற காரியங்களைப் பாருங்கள். நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது, கூடிப் பேசும் முன்பே ஒவ்வொருவரும் மதிப்பெண்ணை எழுதிவிடுவது. எம்.ஆர்.சி.பி.யில் நோயாளிகளை நேரில் பரிசோதித்துக் காட்டும் தேர்வில் ஐந்து நிலையங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு தேர்வாளர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் மதிப்பெண் போடுகிறார்கள். ஒருவரின் சாய்வு முழு முடிவையும் சாய்க்காதபடி ஏற்பாடு. எழுத்தை வாசிப்பதில் சிரமம் தருகிற டிஸ்லெக்சியா உள்ளவர் முன்கூட்டி விண்ணப்பித்தால் எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். இதைத் தக்க ஏற்பாடு என்பார்கள்: கேள்வி அதே, மதிப்பெண் அதே, தடையாக இருந்ததை மட்டும் நகர்த்துவது. ஸ்டூலைத் தள்ளி வைப்பதுபோல. இதில் எதனாலும் தரம் குறையவில்லை. சொல்லப்போனால் இப்போதுதான் தரம் சரியாக அளக்கப்படுகிறது.

எனக்குப் பிடித்தது எல்லாவற்றிலும் எளியது: லாக்புக்கை எண்ணுவது. அதற்குப் பணம் வேண்டாம், பட்டறை வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு பிரிவில் உள்ள எல்லோருடைய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

அந்த விசேஷத்தன்று இரவு அடுப்படியில் அண்ணன் மகளிடம் அதைத்தான் சொன்னேன். போனைத் திறந்து, பார்த்தது, உதவியது, தானே செய்தது என்று மூன்று வரிசையாக எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. முதல் வரிசையில் 58, இரண்டாவதில் 41, மூன்றாவதில் 4. "அத்தை, நான்தான் மெதுவோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள். அடுத்த வாரம் அதைத் தன் ஸ்பெஷலிஸ்ட்டிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அவருக்கே தெரியவில்லையாம். மற்ற எம்.ஓ.க்களின் கணக்கையும் வாங்கிப் பார்த்துவிட்டு, அவரே ஒரு தாளில் முறை போட்டு அறைக் கதவில் ஒட்டிவிட்டார்.

நேற்று சாயங்காலம் போன் செய்தாள். "அத்தை, இன்றைக்கு ஹெர்னியா ஒன்று, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நான்தான்" என்றாள். மேசை உயரமாக இல்லையா என்று கேட்டேன். "ஸ்டூல் கேட்டேன், கொடுத்தார்கள்" என்றாள்.